செங்கல்லை நம்பிக் கொடுத்த கடன்: லிபரேட்டர் முதல் லெண்டி வரை

"நிலத்து மேல கொடுத்த காசு எங்கேயும் போகாது" என்று ஒரு நம்பிக்கை உண்டு. நிலம் ஓடிப்போகாது என்பது உண்மைதான். ஆனால் அதன் மேல் கொடுத்த கடன் ஓடிப்போகும். பிரிட்டனில் 2012-க்குப் பிறகு ஏழெட்டு ஆண்டுகள் நடந்த ஒரு கதை இதற்கு நல்ல உதாரணம். பொதுமக்கள் இணையத்தின் வழியாகச் சேர்ந்து, வங்கி இல்லாமல், கட்டடக்காரர்களுக்கு நேரடியாகக் கடன் கொடுத்தார்கள். இதற்கு பியர்-டு-பியர் சொத்துக் கடன் என்று பெயர். புதிதாக இதில் பணம் போட நினைப்பவர்கள் என்னென்ன கேட்க வேண்டும் என்பதை அந்தக் கதையிலிருந்தே பார்க்கலாம் என்றுதான் இந்தக் கட்டுரை. அதற்கு முன் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1775-ல் பர்மிங்காம் நகரில் கோல்டன் கிராஸ் என்ற மதுவிடுதியில், அதன் உரிமையாளர் ரிச்சர்ட் கெட்லி ஒரு சங்கம் தொடங்கினார். உலகின் முதல் கட்டடச் சங்கம் என்று இதைத்தான் சொல்கிறார்கள். உறுப்பினர்கள் மாதாமாதம் பணம் கட்டுவார்கள், சேர்ந்த பணத்தில் ஒவ்வொருவராக வீடு கட்டிக்கொள்வார்கள். நம்ம ஊர் சீட்டு மாதிரியேதான். கடைசி ஆளுக்கும் வீடு கிடைத்ததும் சங்கத்தைக் கலைத்துவிடுவார்கள். எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். யார் வாங்கினான், எங்கே கட்டுகிறான் என்று மாலை நடையிலேயே போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

நூறு ஆண்டுகளில் இது மாறியது. சங்கங்கள் கலைக்கப்படாமல் நிரந்தரமாயின. பணம் போடுபவர் வேறு, கடன் வாங்குபவர் வேறு என்றானது. 1868-ல் ஜேபஸ் பால்ஃபர் என்பவர் லிபரேட்டர் கட்டடச் சங்கத்தைத் தொடங்கினார். இவர் பிற்பாடு நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தவர். சங்கத்துக்கு டெபாசிட் பிடித்துக் கொடுத்தவர்களில் சிறு சபைகளின் போதகர்கள் நிறையப் பேர் (ஆம், கமிஷன் உண்டு!). போதகரே சொல்கிறார் என்று விதவைகளும் ஓய்வுபெற்றவர்களும் சேமிப்பைக் கொண்டுவந்து கொட்டினார்கள். கொஞ்ச காலத்திலேயே நாட்டின் மிகப்பெரிய கட்டடச் சங்கம் அதுதான்.

பணம் போனது சிறு வீடு கட்டுபவர்களுக்கு அல்ல. பெரும்பகுதி பால்ஃபரின் சொந்த நிலக் கம்பெனிகளுக்கும் கட்டுமானக் கம்பெனிகளுக்கும் போனது. ஒரு கம்பெனி நிலத்தை வாங்கி, அவருடைய இன்னொரு கம்பெனிக்குக் கூடுதல் விலைக்கு விற்கும். லாபம் காகிதத்தில் வரும். 1892 செப்டம்பரில் இந்தக் குழுமத்தின் லண்டன் அண்ட் ஜெனரல் வங்கி கதவை மூடியது. லிபரேட்டரும் சாய்ந்தது. பால்ஃபர் அர்ஜென்டினாவுக்கு ஓடினார். பிடித்து வந்து 1895-ல் 14 ஆண்டு தண்டனை கொடுத்தார்கள்.

பி.காம் படிப்பவர்களுக்கு இந்த வங்கியின் பெயர் எங்கோ கேட்டது போல இருக்கும். ஆடிட்டிங் பாடத்தில் தணிக்கையாளரின் பொறுப்பு என்ற பகுதியில் வரும் "லண்டன் அண்ட் ஜெனரல் வங்கி வழக்கு, 1895" இதேதான். பரீட்சைக்கு இரண்டு வரி மனப்பாடம் செய்துவிட்டுப் போய்விடுகிறோம், அதற்குப் பின்னால் இவ்வளவு பெரிய கதை இருப்பது யாருக்கும் தெரிவதில்லை. அந்த வங்கி கொடுத்த கடன்களுக்கு வட்டி கையில் வரவில்லை. வர வேண்டிய வட்டியை வந்த வட்டி போலக் கணக்கில் சேர்த்து, அதிலிருந்து டிவிடெண்ட் கொடுத்தார்கள். அதாவது முதலிலிருந்தே எடுத்துக் கொடுத்தார்கள். தணிக்கையாளர் நிலைமை மோசம் என்று இயக்குநர்களுக்கு விவரமாக எழுதினார். பங்குதாரர்களுக்கு மட்டும், சொத்துகளின் மதிப்பு அவை விற்றுப் பணமாவதைப் பொறுத்தது என்ற பொருளில் மழுப்பலாக ஒரு வரி. தகவலைத் தேடிக்கொள்ள வழிகாட்டினால் போதாது, தகவலையே தர வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. கையில் வராத வட்டி என்ற இந்த விஷயத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வரப்போகிறது.

இனி நம் காலம். 2005-ல் லண்டனில் ஜோப்பா என்ற நிறுவனம் தனிநபருக்குத் தனிநபர் கடன் கொடுக்கும் இணையதளத்தைத் தொடங்கியது. அப்போது அது ஒரு வேடிக்கையான யோசனை போலத்தான் இருந்தது. 2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு இரண்டு விஷயங்கள் சேர்ந்து நடந்தன. 2009 மார்ச்சில் இங்கிலாந்து வங்கி அடிப்படை வட்டியை 0.5 சதவீதமாகக் குறைத்தது, சேமிப்புக் கணக்கில் போட்டால் ஒன்றும் தேறவில்லை. அதே சமயம் சிறு கட்டடக்காரர்களுக்குக் கடன் தர வங்கிகள் தயங்கின. பணம் வைத்திருப்பவருக்கு வட்டி வேண்டும், கட்டுபவருக்குப் பணம் வேண்டும். நடுவில் ஒரு இணையதளம் போதாதா?

அப்படி வந்தவற்றில் ஒன்று லெண்டி. 2012-ல் ஆரம்பித்த நிறுவனம், தொடக்கத்தில் படகுகளை அடமானம் வாங்கிக் கடன் கொடுத்தது. பிறகு சேவிங் ஸ்ட்ரீம் என்ற பெயரில் சொத்துக் கடன்களுக்கு மாறியது. முதலீட்டாளருக்கு ஆண்டுக்கு 12 சதவீதம் வரை வட்டி. கடன் சொத்து மதிப்பில் 70 சதவீதத்துக்கு மேல் போகாது என்றார்கள். 'சேவிங்' என்ற சொல்லையே பெயரில் வைத்திருந்ததைக் கவனியுங்கள்! 2017-ல் புகழ்பெற்ற கவ்ஸ் வீக் பாய்மரப் படகுப் போட்டிக்கு விளம்பரதாரரே லெண்டிதான்.

70 சதவீதம் என்றால் 30 சதவீதம் பாதுகாப்பு என்று தோன்றும். இந்த இடத்தில்தான் புதியவர்கள் நின்று கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு கற்பனைக் கணக்கு: சொத்தின் மதிப்பு 10 லட்சம் பவுண்டு, கடன் 7 லட்சம், காலம் ஒரு ஆண்டு. கடன் வாங்கியவர் கொடுக்கும் வட்டி 18 சதவீதம், அதில் 12 நமக்கு, 6 தளத்துக்கு. ஆனால் அவர் மாதாமாதம் வட்டி கட்டுவதில்லை. இப்படிப்பட்ட கடன்களில் ஆண்டு வட்டியான 1.26 லட்சத்தை முதலிலேயே பிடித்துக்கொண்டு மீதி 5.74 லட்சத்தைத்தான் கையில் கொடுப்பார்கள். நம்ம ஊரில் வட்டியைப் பிடித்துக்கொண்டு கொடுப்பது மாதிரி. வித்தியாசம் என்னவென்றால், இங்கே பிடித்து வைத்தது நாம் கொடுத்த பணம்தான். மாதாமாதம் கணக்கில் டாண் என்று விழும் வட்டி, நம் முதலிலிருந்தே நமக்குத் திரும்பி வருகிறது. முதல் ஆண்டில் கடன் வாராக்கடன் ஆகவே முடியாது, ஏனென்றால் தவணை என்று ஒன்றே கிடையாது. ஆரம்பத்தில் இதுபோன்ற தளங்களின் சாதனைப் பட்டியல் பளபளவென்று இருந்ததற்கு இது ஒரு முக்கிய காரணம். 1892-ன் வங்கி கணக்கை மறைத்துச் செய்ததை இங்கே ஒப்பந்தத்தில் எழுதியே செய்கிறார்கள். சட்டப்படி தப்பில்லை. ஆனால் பார்ப்பவருக்குக் கிடைக்கும் மயக்கம் ஒன்றுதான்.

சரி, ஆண்டு முடிந்தது, கடன் வாங்கியவரால் 7 லட்சத்தைக் கட்ட முடியவில்லை. சொத்தைக் கைப்பற்றி விற்க வேண்டும். மதிப்பீட்டாளர் கொஞ்சம் தாராளமாகப் போட்டிருந்தார், உண்மை விலை 8.5 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். அவசர விற்பனையில் இன்னும் 20 சதவீதம் போய் 6.8 லட்சம். வக்கீல், தரகர், சொத்தைக் கைப்பற்றிய ரிசீவர் செலவு 8 சதவீதம் என்றால் கையில் நிற்பது சுமார் 6.26 லட்சம். நம் முதலில் 10.6 சதவீதம் காலி. முதல் ஆண்டு வாங்கிய 12 சதவீத வட்டியைக் கழித்தால், இதெல்லாம் முடிய மூன்று ஆண்டு ஆனது என்றால், மொத்த லாபம் 1.4 சதவீதம். ஆண்டுக்கு அரை சதவீதம்கூட இல்லை. தளம் தன் அபராத வட்டியை நமக்கு முன்னால் எடுத்துக்கொண்டால் அதுவும் போய் நஷ்டம். நான் போட்டது ஒன்றும் பயங்கரமான எண்கள் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

கட்டிக்கொண்டிருக்கும் கட்டடத்துக்கான கடன் இன்னும் சிக்கல். அங்கே 70 சதவீதம் என்பது பெரும்பாலும் கட்டி முடித்தால் வரப்போகும் விலையில் போடும் கணக்கு. பணத்தைக் கட்டம் கட்டமாகக் கொடுப்பார்கள். நான்காவது கட்டத்துக்குப் பணம் போட ஆள் வராவிட்டால் வேலை நின்றுவிடும், கூரை இல்லாத கட்டடம் மழையில் நனையும். முதல் மூன்று கட்டத்தில் போட்டவர்களின் அடமானம், நாளைக்கு வரப்போகும் அடுக்குமாடி அல்ல, இன்றைக்கு நிற்கும் அரைகுறைச் சுவர்.

"வேண்டாம் என்றால் இடையில் விற்றுவிடலாமே" என்பார்கள். தளத்துக்குள்ளேயே ஒருவர் பங்கை இன்னொருவருக்கு விற்கும் சந்தை இருக்கும். நல்ல காலத்தில் நிமிடங்களில் விற்றுவிடும். ஆனால் பல தளங்களில் போட்ட விலைக்கேதான் விற்க முடியும், குறைத்து விற்க அனுமதி இல்லை. நல்ல கடனும் கெட்ட கடனும் ஒரே விலை என்றால் கெட்டதை யார் வாங்குவார்? விலை இறங்க முடியாத சந்தையில் விற்பனைதான் நிற்கும். தவணை தாண்டிய கடனை விற்கவே விடமாட்டார்கள்.

லெண்டிக்குத் திரும்புவோம். 2018 ஜூலையில் பிரிட்டனின் நிதி நடத்தை ஆணையம் அதற்கு முழு அனுமதி கொடுத்தது. 2019 மே 24 அன்று நிறுவனம் திவால் நிர்வாகிகள் கைக்குப் போனது. இடையில் பத்து மாதம்தான். நிலுவைக் கடன் 16 கோடி பவுண்டுக்கு மேல், அதில் குறைந்தது 9 கோடி தவணை தவறியது. அதன் பிறகுதான் பலருக்கு ஒப்பந்தத்தின் சிறு எழுத்துகள் கண்ணில் பட்டன. பழைய கடன்களில் முதலீட்டாளர் கடன் கொடுத்தது லெண்டிக்கு, லெண்டி அதைக் கட்டடக்காரருக்குக் கொடுத்தது. புதிய கடன்களில் முதலீட்டாளர் கட்டடக்காரருக்கே நேரடியாகக் கொடுத்தார். திரையில் இரண்டும் ஒரே மாதிரி தெரிந்தன. நிறுவனம் விழுந்ததும் முதல் வகையினர் நிறுவனத்தின் கடன்காரர்கள் வரிசையில் போய் நிற்க வேண்டியதாயிற்று. மீட்ட பணத்தில் அபராத வட்டியும் கட்டணமும் முதலில் யாருக்கு என்ற தகராறு வேறு. நிர்வாகிகளின் சம்பளமும் இதே பானையிலிருந்துதான்.

லெண்டி மட்டும் இல்லை. 2018 பிப்ரவரி கடைசியில் கொலாட்டரல் என்ற தளம் திடீரென்று இருண்டது, அதற்கு முறையான அனுமதியே இல்லை என்று தெரியவந்தது. 2019 அக்டோபரில் ஃபண்டிங் செக்யூர், 2021-ல் ஹவுஸ் கிரவுட். நேர்மையாக நடந்தவர்களும் சிறு முதலீட்டாளர்களை விட்டு விலகினார்கள். ஜோப்பா 2021-ல் இந்தத் தொழிலை மூடிவிட்டு வங்கியாகவே தொடர்ந்தது. 2022 இறுதியில் அசெட்ஸ் கேப்பிடல் சிறு முதலீட்டாளர் பிரிவை மூட முடிவெடுத்தது. தளம் விழவில்லை, மோசடியும் இல்லை. ஆனாலும் மிச்சக் கடன்களை வசூலித்து முடிக்கும் செலவுக்கு முதலீட்டாளரிடமே கட்டணம் கேட்டபோது பெரிய சச்சரவு.

ஆகவே புதியவர் வட்டி விகிதத்தைப் பார்ப்பதற்கு முன் கேட்க வேண்டியவை வேறு. காகிதத்தில் என்னிடம் கடன் வாங்குபவர் யார், தளமா கட்டடக்காரரா? அடமானப் பத்திரம் யார் பெயரில், முதல் அடமானமா இரண்டாவதா? இரண்டாவது என்றால் முன்னால் ஒரு வங்கி தன் பங்கை முழுக்க எடுத்த பிறகே நமக்கு. மதிப்பீட்டாளரை நியமித்தது யார், அறிக்கையின் தேதி என்ன, அவர் பார்த்தது இன்றைய விலையா வரப்போகும் விலையா? தளம் மூடினால் வசூலை யார் தொடர்வார், யார் செலவில்? அபராத வட்டி யாருக்கு? இருபது கடனில் பிரித்துப் போட்டேன் என்பவர் இன்னொன்றும் கேட்க வேண்டும்: அந்த இருபதில் எத்தனை ஒரே கட்டடக்காரருடைய வெவ்வேறு கம்பெனிகள்? பால்ஃபர் ஞாபகம் இருக்கட்டும்.

வங்கி டெபாசிட்டுக்கு அங்கே அரசு ஏற்பாட்டில் இழப்பீட்டுப் பாதுகாப்பு உண்டு, லெண்டி விழுந்த சமயத்தில் 85,000 பவுண்டு வரை. இந்தக் கடன்கள் நஷ்டமானால் அது கிடையாது. 2019 டிசம்பர் 9 முதல் புதிய விதிகள் வந்தன: அனுபவமில்லாத முதலீட்டாளர் முதலீடு செய்யக்கூடிய தன் சொத்தில் 10 சதவீதத்துக்கு மேல் இதில் போட முடியாது, போடும் முன் இது புரிந்ததா என்று ஒரு சிறு தேர்வும் எழுத வேண்டும். லெண்டி விழுந்து ஆறு மாதம் கழித்து!

இந்தியாவில் 2017 அக்டோபரில் ரிசர்வ் வங்கி இத்தகைய தளங்களுக்கு விதிகள் போட்டபோது, அடமானம் இல்லாத கடனுக்கு மட்டுமே அனுமதி கொடுத்தது. ஒருவர் ஒரே நபருக்கு 50,000 ரூபாய்க்கு மேல் கொடுக்க முடியாது, காலமும் 36 மாதத்துக்கு மேல் போகக்கூடாது. 2024 ஆகஸ்ட்டில் விதிகள் இன்னும் இறுகின. ஆகவே ரிசர்வ் வங்கியிடம் பதிவு பெற்ற பியர்-டு-பியர் தளம் என்று சொல்லிக்கொண்டு யாராவது மனை அடமானத்தோடு 12 சதவீதம் தருகிறேன் என்று வந்தால், அவர் சொல்வதில் ஏதாவது ஒன்று பொய்.