சிவசமுத்திரத்துக் கம்பியின் மறுமுனை

மின்சாரத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் மன்னர் பெயரையும் திவான் பெயரையும் பொறியாளர் பெயரையும் தவறாமல் எழுதிவிடுகிறார்கள். அந்த மின்சாரத்தால் ஓடிய சுரங்கத்துக்குள் இறங்கியவர்கள் யார் என்று பெரும்பாலும் கேட்பதில்லை.

காவிரியின் சிவசமுத்திரம் அருவியில் மைசூர் அரசு அமைத்த நீர்மின் நிலையம் 1902இல் இயங்கத் தொடங்கியது. திவான் சேஷாத்திரி ஐயர் காலத்துத் திட்டம் அது. செய்முறை எளிதுதான். அருவிக்கு மேலேயே ஆற்றுநீரைக் கால்வாயில் திருப்பி இரும்புக் குழாய்களில் இறக்கினார்கள். சுமார் 400 அடி இறங்கும் நீர், அந்த அழுத்தத்தோடு சுழலியின் தகடுகளை அறையும். சுழலியோடு பூட்டிய மின்னாக்கியில் காந்தமும் கம்பிச்சுருளும் ஒன்றையொன்று கடந்து சுழல, மின்னோட்டம் பிறக்கும். தலா 720 கிலோவாட் திறனுள்ள ஆறு எந்திரங்கள். நெடுந்தொலைவு போனால் கம்பி சூடாகி மின்சாரம் வீணாகும் என்பதால், அதைச் சுமார் 30,000 வோல்ட்டுக்கு உயர்த்தி அனுப்பினார்கள்.

எங்கே? அரண்மனைக்கு அல்ல, 92 மைல் தள்ளி, ஜான் டெய்லர் கம்பெனி நடத்திய கோலார் தங்கவயலுக்கு. தாது நொறுக்கும் ஆலைகள் விறகும் நிலக்கரியும் இல்லாமல் ஓடின. பெங்களூர்த் தெருக்களுக்கே 1905இல்தான் விளக்கு வந்தது. கோடையில் காவிரி வற்றினாலும் சுரங்கம் நிற்கக் கூடாது என்பது, 1911இல் தொடங்கிய கண்ணம்பாடி அணைக்கான காரணங்களுள் ஒன்று. அணை என்றாலே பாசனம் என்று பழகிய நமக்கு இது புதிதாகப் படலாம்.

சுரங்கத்தில் இறங்கியவர்களில் மிகப் பலர் வட ஆற்காடு, சேலம், சித்தூர்ச் சேரிகளிலிருந்து போன நம் மக்கள். பாறை வெடித்துச் செத்தார்கள், கல்தூசி நெஞ்சில் ஏறிச் செத்தார்கள். குடியிருந்தது தட்டிக் குடிசைகளில். ஆனால் அங்கே கூலி காசாக வந்தது, ஆண்டை அளக்கும் நெல்லாக அல்ல. இந்த வித்தியாசத்தை நாம் குறைத்து மதிப்பிடக் கூடாது. சாக்கிய பௌத்த சங்கக் கிளைகள் அங்கே வளர்ந்தன. சித்தார்த்தா புத்தகசாலை அயோத்திதாசரின் எழுத்துகளை நூல்களாக்கியது. அவர் மறைந்தபின் நின்றுபோன ‘தமிழன்’ இதழ், ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு 1920களில் தங்கவயலிலிருந்தே மீண்டும் வந்தது. 1930இல் தொழிலாளர்களின் கைரேகையைப் பதிவுசெய்ய நிர்வாகம் முனைந்தபோது, 21 நாள் வேலைநிறுத்தம் செய்தவர்களும் இவர்களே.