பேர் இருந்தால் கோல், இல்லாவிட்டால் குச்சி

1940-ல் எர்னெஸ்ட் ஹெமிங்வேயின் டிரங்குப் பெட்டி ஒன்று ரயில் பார்சலில் தொலைந்துபோனது. ஐடஹோ மாநிலத்தின் சன் வேலிக்குப் போய்ச் சேர வேண்டிய பெட்டி. அவர் பல வருஷங்களாகச் சேர்த்துவைத்த ஃப்ளை ஃபிஷிங் சாமான்கள் அதில் இருந்தன. போனது போனதுதான். அதன்பிறகு அப்பா டிரவுட் மீனுக்காக ஆற்றில் இறங்கியதே அபூர்வம் என்று மகன் ஜாக் பின்னாளில் எழுதினார். பெட்டிக்குள் போகாததால் தப்பியது ஹார்டி கம்பெனியின் ‘ஃபேரி’ தூண்டில்கோல் ஒன்று. வெர்மான்ட் மாநிலத்து மான்செஸ்டரில், 1968-ல் தொடங்கிய அமெரிக்க ஃப்ளை ஃபிஷிங் அருங்காட்சியகத்துக்கு அது போய்ச் சேர்ந்தது.

அந்தப் பெட்டி இன்றைக்கு ஏதோ ஒரு பழைய கிடங்கைக் காலி செய்யும்போது அகப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். மூடியில் பெயர்ச்சீட்டு ஒட்டியிருந்தால் ஏலக்கூடத்தில் கால் வைக்க இடம் இருக்காது. சீட்டு உரிந்து போயிருந்தால் அதே கோலையும் அதே ரீலையும் ‘பழைய மீன்பிடி சாமான், ஒரு பெட்டி’ என்று ஒரே லாட்டாகப் போட்டுத் தள்ளிவிடுவார்கள். மீன்பிடி சாமான் ஏலத்தில் பேரம் நடப்பது பெரும்பாலும் அந்தச் சீட்டுக்குத்தான்.

ஃப்ளை ஃபிஷிங்கில் முள்ளில் புழுவோ மாவோ கோப்பதில்லை. முள்ளைச் சுற்றி இறகும் ரோமமும் பட்டுநூலும் கட்டிப் பூச்சி மாதிரி ஆக்கி, மீனை ஏமாற்றுகிறார்கள். பூச்சிக்கு எடை என்று சொல்ல ஒன்றுமில்லை. எடையுள்ள நூலைத் தலைக்குமேல் முன்னும் பின்னுமாகச் சுழற்றி வீசினால், பூச்சி அதன் நுனியில் ஒட்டிக்கொண்டு போகும். வளைந்து நிமிரும் நீளமான கோல் அதற்காகத்தான். இங்கிலாந்தில் 1496-லேயே இந்தக் கலை அச்சேறிவிட்டது. ஐசக் வால்டனின் ‘தி கம்ப்ளீட் ஆங்ளர்’ 1653-ல் பதினெட்டு பென்ஸுக்கு விற்பனைக்கு வந்தது. ஃப்ளை பற்றிய பகுதியை 1676 பதிப்பில் நண்பர் சார்லஸ் காட்டன் எழுதிச் சேர்த்தார். 1653-ன் முதல் பதிப்புக்குப் புத்தகச் சேகரிப்பாளர்கள் காலங்காலமாகப் பெரும்பணம் கொடுத்து வருகிறார்கள். கோலுக்கும் ரீலுக்கும் அந்த மரியாதை வெகு தாமதமாகத்தான் வந்தது. தூண்டில் போட்டவர் செத்துப்போனால் சாமான் மகனுக்குப் போகும். மகனுக்கு ஆற்றில் ஆசை இல்லையென்றால் பரணுக்குப் போகும். மீன்பிடி சாமானுக்கென்றே தனி ஏலங்கள் பெருகியது இருபதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில்தான்.

அந்த மாற்றத்துக்கு மூங்கிலும் ஒரு காரணம், கொரியப் போரும் ஒரு காரணம்.

1840-களில் பென்சில்வேனியாவின் ஈஸ்டன் ஊரில் சாமுவேல் ஃபிலிப்பி என்ற துப்பாக்கித் தச்சர் இருந்தார், வயலினும் செய்வார். மூங்கிலை நீளவாக்கில் பிளந்து, பட்டைகளை ஒட்டிக் கோல் செய்து பார்த்தவர்களில் அவர் முக்கியமானவர். பிறகு மெய்ன் மாநிலத்து ஹைரம் லியனார்ட், அவரும் துப்பாக்கித் தச்சர்தான், ஆறு பட்டைக் கோலை இயந்திரத்தில் சீவும் தொழிலாக ஆக்கினார். வேலை சொல்வதற்கு எளிது. முற்றிய மூங்கிலைப் பிளந்து, கணுக்களைச் சமன் செய்து, ஒவ்வொரு பட்டையையும் அறுபது பாகை முக்கோணமாகச் சீவ வேண்டும். வெளித்தோலைத் தொடக் கூடாது. மூங்கிலின் பலமெல்லாம் அந்தத் தோலை ஒட்டிய நாரில்தான் இருக்கிறது. ஆறையும் சேர்த்து ஒட்டினால் நடுவில் பொந்தில்லாத அறுகோணக் கோல் கிடைக்கும். அடியில் விரல் பருமனாகத் தொடங்கி நுனியில் ஈர்க்குச்சி அளவுக்கு மெலிய வேண்டும். அந்த மெலிவின் கணக்கில் தலைமயிர் அளவு பிசகினாலும் வீச்சு கெட்டுவிடும். நியூயார்க் சென்ட்ரல் ரயில்வேயில் பொறியாளராக இருந்த எவரெட் காரிசன், பாலத்துக்குப் போடுவது போன்ற அழுத்தக் கணக்கைக் கோலுக்குப் போட்டார். 1975-ல் அவர் இறந்தார். அவருடைய செய்முறை இரண்டு வருஷம் கழித்துப் புத்தகமாக வந்தது. அவருடன் இருந்து அதை எழுதி முடித்தவர் இசையமைப்பாளர் ஹோகி கார்மைக்கேலின் மகன். இன்றைக்கும் தனி ஆளாகக் கொட்டகையில் உட்கார்ந்து மூங்கில் சீவுகிறவர்கள் கையில் அந்தப் புத்தகம் இருக்கும்.

ஆரம்பகாலக் கோல்களுக்கு மூங்கில் போனது இந்தியாவிலிருந்து. வணிகத்தில் அதற்குக் ‘கல்கத்தா மூங்கில்’ என்று பெயர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனத்து குவாங்தோங் பகுதி மூங்கில் அதை ஓரங்கட்டியது. ‘டோங்கின் மூங்கில்’ என்று தவறான ஊர்ப்பெயரில் விற்கப்பட்ட அந்த இனத்துக்கு 1931-ல்தான் தாவரவியல் பெயர் கிடைத்தது. 1950-ல் கொரியப் போரை ஒட்டி அமெரிக்கா சீனச் சரக்கைத் தடை செய்தது. இருப்பு வைத்திருந்த பட்டறைகள் பிழைத்தன, மற்றவை தடுமாறின. அந்த இடத்தைக் கண்ணாடியிழைக் கோல் பிடித்தது. 1970-களில் கார்பன் இழைக் கோல் வந்து இரண்டையும் பின்னுக்குத் தள்ளியது. ஆற்றில் வேலை இல்லை என்று ஆன பிறகுதான் மூங்கில் கோலுக்கு ஏலத்தில் வேலை வந்தது. பழைய பட்டறைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கண்ணை மூட, அவர்கள் கையால் செய்தது இனிமேல் வராது என்பதும் விலையில் ஏறிக்கொண்டது.

ஏலத்துக்கு முன்னால் சரக்கைப் பார்வைக்கு வைப்பார்கள். விவரம் தெரிந்தவர் கோலைத் தூக்கி ஆட்டிப் பார்க்கமாட்டார். அது சினிமாவில் நடப்பது. முதலில் துண்டுகளை இணைக்கும் உலோகக் குழாயைப் பூட்டி, மெல்ல இழுத்துப் பிரிப்பார். ‘டப்’ என்று சின்னதாகச் சத்தம் வந்தால் இணைப்பு தேயவில்லை என்று அர்த்தம். அடுத்தது அளவு நாடா. நல்ல கோலுக்கு நுனித்துண்டு இரண்டு உண்டு, ஒன்று ஒடிந்தால் மாற்ற. கார் கதவில் மாட்டி அரை அங்குலம் ஒடிந்திருந்தாலும் பட்டியலில் ‘நுனி குறை’ என்று ஏறிவிடும், விலை இறங்கிவிடும். வார்னிஷ் புதுசாக மின்னினால், மறுபடி பூசியதோ என்று சந்தேகம். கைப்பிடிக் கார்க்கில் அழுக்கு இருந்தால் நிம்மதி.

இதில் ஒரு முரண் இருக்கிறது. சேகரிப்பாளரின் கனவோ ஆறே பார்க்காத கோல். தோல் பை, குழாய், கடை ரசீது எல்லாம் அப்படியே இருக்க வேண்டும். ஆனால் ஜாம்பவான் என்று பெயர் எடுத்த மீன்பிடிக்காரரின் சாமான் அப்படி இருக்குமா? லீ வுல்ஃப் அமெரிக்க ஃப்ளை ஃபிஷிங்கின் பெரிய பெயர். முன்புறம் முழுக்கப் பைகள் வைத்த மீன்பிடி மேலங்கியை 1930-களின் தொடக்கத்தில் தைத்துப் போட்டுப் பரப்பியவர். பிடித்த மீனைத் திரும்ப ஆற்றில் விடச் சொன்னவர். ஃப்ளை கட்டக் கிடுக்கி தேவையில்லாமல் விரல்நுனியிலேயே கட்டியவர். 1991-ல், 86 வயதில், விமானி உரிமத்தைப் புதுப்பிக்கப் பறந்தபோது விமானம் விழுந்து இறந்தார். இப்படிப்பட்ட மனிதரின் கோலில் கீறல் இருக்கும், கார்க் கறுத்திருக்கும், நுனி ஒருமுறையாவது ஒடிந்து ஒட்டியிருக்கும். வேறொருவர் கோலில் குறையாக எழுதப்படுவது இங்கே சாட்சியாகிவிடுகிறது. ஆனால் சாட்சி தானாகப் பேசாது. கடிதம், புகைப்படம், குடும்பத்தார் கையெழுத்து ஏதாவது ஒன்று பக்கத்தில் வேண்டும்.

ரீல் விஷயத்தில் பட்டறைப் பெயரே பாதி வேலையைச் செய்துவிடும். இங்கிலாந்தின் ஆல்னிக் ஊரில் 1872-ல் தொடங்கிய ஹார்டி கம்பெனியும் துப்பாக்கிக் கடையாகப் பிறந்ததுதான். அவர்களுடைய ‘பெர்ஃபெக்ட்’ ரீல், பால் பேரிங் வைத்தது, 1891-ல் கடைக்கு வந்தது. அந்த முதல் கால பித்தளை ரீலுக்கு ஆசைப்படாத சேகரிப்பாளர் கிடையாது. விக்டோரியா காலத்து ரீல்கள் பலவற்றின் கைப்பிடி யானைத் தந்தம் என்பதால் இப்போது புதுத் தலைவலி வேறு. 2022-ல் நடைமுறைக்கு வந்த பிரிட்டனின் தந்தச் சட்டப்படி, 1947 மார்ச்சுக்கு முன் செய்த பொருளாக, தந்தம் பத்து சதவீதத்துக்கும் குறைவாக இருந்தால்தான், அதுவும் பதிவு செய்த பிறகே, இப்படிப்பட்ட ரீலை விற்க முடியும்.

பெரிய தொகை எப்போதும் ஃப்ளை ஆட்களுக்கே போகிறது என்றும் இல்லை. நியூயார்க் மாநிலத்து லாங்ஸ் ஏல நிறுவனம் 2003-ல் 1,01,200 டாலருக்கு விற்றது ஹாஸ்கெல் என்பவர் 1859-ல் காப்புரிமை பெற்ற உலோகப் பொய்மீன் ஒன்றை. ஃப்ளை பிரியர்கள் மூக்கைச் சுளிக்கும் சாமான் அது.

சிக்கலெல்லாம் ஃப்ளையில்தான். இரண்டு அங்குலப் பொருளில் பெயரை எங்கே பொறிப்பது? ஸ்காட்லாந்தின் ப்ரோரா அருகே கடலைப் பார்த்த தகரக் கொட்டகையில் மேகன் பாய்ட் அம்மையார் அரை நூற்றாண்டு சால்மன் ஃப்ளை கட்டினார். சிறுமியாக இருந்தபோது காட்டுக்காவலர் ஒருவர் பழைய ஃப்ளையைப் பிரிக்கச் சொல்லி, அதே இறகை அதைவிடச் சின்ன முள்ளில் கட்டவைத்துப் பழக்கினாராம். அவர் ஒருநாளும் மீன் பிடித்ததில்லை. மீனைக் கொல்ல மனமில்லை. 1971-ல் பிரிட்டிஷ் பேரரசுப் பதக்கம் அறிவித்தபோது, அன்றைக்கு நாயைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று சொல்லி அரண்மனைக்குப் போகவில்லை. அவரிடம் ஃப்ளை வாங்கிய அன்றைய இளவரசர் சார்லஸ் பிற்பாடு அந்தப் பக்கம் வந்தபோது பதக்கத்தைக் கொடுத்தார். சொற்ப விலைக்கு ஃப்ளை விற்ற அம்மையார் 2001-ல் இறந்தார். இன்று அவர் கட்டியது என்று நிரூபித்தால் ஒரு விலை, ‘அவர் பாணி’ என்றால் வேறு விலை. நிரூபிக்க உதவுவது அவர் எழுதிய கடிதமோ உறையோதான்.

அமெரிக்காவின் கேரி ஸ்டீவன்ஸ் இந்த வகையில் கெட்டிக்காரர். மெய்ன் மாநிலத்து அப்பர் டேமில் வாழ்ந்த, தொப்பி அலங்காரத் தொழில் தெரிந்த பெண்மணி. 1924 ஜூலை 1 அன்று தான் கட்டிய ஃப்ளையில் 6 பவுண்டு 13 அவுன்ஸ் டிரவுட் ஒன்றைப் பிடித்து, பத்திரிகைப் போட்டியில் பரிசு வாங்கினார். ஆர்டர்கள் குவிந்தன. தான் கட்டும் ஒவ்வொரு ஃப்ளையின் தலையிலும் வண்ண நூலால் ஒரு பட்டை சுற்றினார். அந்த நூல்பட்டை இன்றைக்கு ஏலக்காரர்கள் லென்ஸ் வைத்துத் தேடும் கையெழுத்து.

ஃப்ளை கட்டியவர் இறந்தால் மேசை இழுப்பறைகளில் இறகு மிஞ்சும். இங்கேதான் தமிழ்நாட்டு மலைகளும் கதைக்குள் வருகின்றன. சால்மன் ஃப்ளையின் கன்னத்தில் வைக்கும், அரக்கு பூசியது போல மினுங்கும் புள்ளி இறகு, மேற்குத் தொடர்ச்சி மலையில் கூவும் சாம்பல் காட்டுச்சேவலின் கழுத்து இறகு. ஜார்ஜ் கெல்சன் 1895-ல் தொகுத்த சால்மன் ஃப்ளைப் புத்தகத்தில் அது எங்கும் வரும். காட்டுப் பறவை இறகு ஏற்றுமதியை இந்திய அரசு 1902-ல் தடுத்தது. இப்போது மேலைநாடுகளில் பண்ணையில் வளர்த்த சேவல்களின் இறகு புழங்குகிறது. அமெரிக்காவில் 1918-ன் வலசைப் பறவைச் சட்டமும் 1972-ன் கடல் பாலூட்டிச் சட்டமும் இருப்பதால், தாத்தாவின் இழுப்பறையில் உள்ள சில இறகையும் சீல் ரோமத்தையும் வாரிசு விற்கவே முடியாது.

ஆசை எதுவரை போகும் என்பதற்கு 2009 ஜூன் மாதத்துச் சம்பவம் போதும். ஃப்ளை கட்டுவதில் பேர் எடுத்த புல்லாங்குழல் மாணவர் ஒருவர், இங்கிலாந்தின் டிரிங் ஊரில் உள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் ஜன்னல் வழியாக இறங்கி 299 பறவைத் தோல்களைத் திருடினார். சில, ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் சேகரித்தவை. மீண்டு வந்தவற்றில் பலவற்றின் காலில் கட்டியிருந்த சீட்டைக் காணோம். எங்கே, என்றைக்கு, யார் பிடித்தது என்ற மூன்று வரி போனதும், ஆய்வாளருக்கு அது வெறும் பறவைத் தோல். ஏலக்காரருக்குத் தெரிந்த அதே கணக்குதான் அங்கேயும்.

நீலகிரியிலும் இந்தச் சாமான்கள் புழங்கிய காலம் உண்டு. மதராஸ் சிவில் சர்வீஸின் எச்.எஸ். தாமஸ் ‘தி ராட் இன் இந்தியா’வை 1873-ல் வெளியிட்டார், 1900-களின் தொடக்கத்தில் அவலாஞ்சியில் டிரவுட் குஞ்சு பொரிக்கத் தொடங்கினார்கள். அந்த வழியில் ஒரு பழைய கோலோ ரீலோ யார் வீட்டுப் பரணிலாவது இருந்தால், காயலான் கடைக்குப் போடுவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். யாருடையது, யார் கொடுத்தது, எந்த ஆற்றில் வீசியது என்று வீட்டுப் பெரியவர் உயிரோடு இருக்கும்போதே கேட்டு, ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கட்டிவையுங்கள். தயவுசெய்து பித்தளையைப் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள்.