கரைப்பான் தேர்வு (உயிரணு வளர்ப்பு ஆய்வு)

உயிரணு வளர்ப்பு ஆய்வில் மருந்துச் சேர்மத்தை ஊடகத்தில் சேர்ப்பதற்கு முன், அதைக் கரைக்கத் தகுந்த நீர்மத்தைத் தெரிந்தெடுப்பது கரைப்பான் தேர்வு எனப்படும். நல்ல கரைப்பான் சேர்மத்தை முழுமையாகக் கரைக்கும். அதன் அமைப்பைச் சிதைக்காது. பயன்படுத்தும் அளவில் உயிரணுக்களுக்கும் ஊறு செய்யாது.

வகைகள்

உப்பு வடிவில் உள்ள மருந்துகள் பலவற்றுக்குத் தூய நீரோ தாங்கல் கரைசலோ போதும். நீரில் எளிதில் கரையாத குர்க்குமின், பக்லிடாக்சல் போன்றவற்றுக்கு எத்தனாலோ டைமெத்தில் சல்ஃபாக்சைடோ (டி.எம்.எஸ்.ஓ.) தேவைப்படும். ரஷ்ய வேதியியலாளர் அலெக்சாந்தர் சைத்செவ் 1866இல் முதன்முதலாகத் தயாரித்த டி.எம்.எஸ்.ஓ., நீருடன் எந்த விகிதத்திலும் கலக்கும். 18.5 பாகை செல்சியசில் உறைவதால் குளிர்பதனப் பெட்டியில் கட்டியாகிவிடும். எடுத்தபின் முழுதும் உருகவைத்துக் கலக்கியே பயன்படுத்த வேண்டும். காற்றின் ஈரத்தையும் உறிஞ்சும் என்பதால் புட்டியை இறுக மூடிவைப்பது அவசியம்.

செறிவு

வழக்கமாக மருந்தை டி.எம்.எஸ்.ஓ.வில் கரைத்து 10 மில்லிமோலார் இருப்புக் கரைசல் தயாரிக்கப்படுகிறது. ஒரு மில்லிலிட்டர் ஊடகத்தில் அதில் 1 மைக்ரோலிட்டர் சேர்த்தால் மருந்து ஏறத்தாழ 10 மைக்ரோமோலாராகவும், டி.எம்.எஸ்.ஓ. 0.1 விழுக்காடாகவும் அமையும். இந்தச் சிறு விழுக்காடே ஏறக்குறைய 14 மில்லிமோலார். அதாவது மருந்து மூலக்கூறு ஒன்றுக்குக் கரைப்பான் மூலக்கூறுகள் சுமார் 1,400. இருப்புக் கரைசலில் தெளிவாக இருந்த மருந்து, நீர்மிக்க ஊடகத்தில் வீழ்படிவாகவும் கூடும். ஆகவே சேர்த்தபின் நுண்ணோக்கியில் பார்ப்பது நன்று.

தவறும் இடங்கள்

புற்றுநோய் மருந்தான சிஸ்பிளாட்டினை டி.எம்.எஸ்.ஓ.வில் கரைக்கக் கூடாது. கரைப்பானின் கந்தக அணு பிளாட்டினத்துடன் பிணைந்து குளோரைடை வெளியேற்றுவதால் மருந்தின் ஆற்றல் குன்றிவிடும். குளோரைடு மிகுந்த 0.9 விழுக்காட்டு உப்புநீரே அதற்கு ஏற்றது. கரைப்பான் உயிரணுவின் இயல்பையே மாற்றுவதும் உண்டு: எச்.எல்.-60 என்னும் இரத்தப் புற்றணுக்கள் 1.25 விழுக்காடு டி.எம்.எஸ்.ஓ.வில் சில நாட்கள் வளர்ந்தால், நியூட்ரோஃபில் போன்ற வெள்ளணுக்களாக முதிர்கின்றன.

கட்டுப்பாடு

எனவே மருந்தின்றிக் கரைப்பான் மட்டும் சேர்த்த உயிரணுத் தொகுதி ஒன்று ஒவ்வொரு ஆய்விலும் இருக்க வேண்டும். மருந்தின் அளவு மாறினாலும் கரைப்பானின் விழுக்காடு எல்லாத் தொகுதிகளிலும் ஒன்றாகவே இருக்க வேண்டும். அந்த ஒப்பீடு இல்லாத ஆய்வில், காணும் விளைவு மருந்தினுடையதா கரைப்பானுடையதா என்று பிரித்தறிய இயலாது.