புளூடூத் பாதுகாப்புக் குறைகள்

அருகருகே உள்ள கருவிகளைக் கம்பியின்றி இணைக்கும் புளூடூத் முறையில் கண்டறியப்பட்ட ஓட்டைகள். எரிக்சன் நிறுவனம் சுவீடனின் லுண்ட் நகரில் 1994-இல் தொடங்கிய ஆய்வில் பிறந்த இம்முறையின் முதல் வரையறை 1999-இல் வெளியானது. அலைவரிசை நொடிக்கு 1,600 முறை தாவுவதால் ஒட்டுக்கேட்பது கடினம் என்று நம்பப்பட்டது. 2001-இல் யாக்கப்சன், வெட்சல் இருவரும் இந்நம்பிக்கையை மறுத்துக் கட்டுரை எழுதினர்.

2003 முதல் 2005 வரையிலான காலம்தான் இவ்வரலாற்றின் நடுப்பகுதி. முன்பின் அறியாதவர் கைபேசிக்குக் குறும்புச் செய்தி அனுப்பும் ‘புளூஜாக்கிங்’ அப்போது பரவியது. அதைத் தொடங்கிவைத்தவர் யார் என்பதில் ஒருமித்த கருத்தில்லை. அதே 2003-இல், கைபேசியிலுள்ள தகவலைத் திருடும் ‘புளூஸ்நார்ஃபிங்’ வெளிப்பட்டது. இதைக் கண்டறிந்தவர்களாக ஜெர்மனியின் மார்செல் ஹோல்ட்மன், பிரிட்டனின் ஆடம் லாரி இருவரையுமே சொல்வர். முகவரி அட்டை வாங்குவதற்கென்று கைபேசி திறந்து வைத்திருந்த வாசல் வழியாகவே, பெயர் தெரிந்த கோப்பைக் கேட்டால், முழுத் தொலைபேசிப் பட்டியலையும் அது எடுத்துக் கொடுத்துவிட்டது. உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பத்து மீட்டருக்கு அப்பால் ஆபத்தில்லை என்ற எண்ணமும் நிலைக்கவில்லை. 2004 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் சான்டா மோனிகாவில், துப்பாக்கிக் கட்டையில் யாகி ஆன்டெனாவைப் பொருத்தி, ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்த நோக்கியா 6310i கைபேசியைச் சிலர் தொட்டுக் காட்டினர். அவ்வாண்டு வெளிப்பட்ட ‘கேபிர்’ புழு, ஏற்கலாமா என்று திரையில் கேட்டுவிட்டே பரவியது. பலர் ‘சரி’ என்று அழுத்தினர். 2005-இல் டெல் அவிவ் பல்கலைக்கழகத்தின் ஷாக்கெட், வூல் இருவரும், இணைப்பின்போது நடக்கும் உரையாடலைப் பதிவுசெய்தால் நான்கு இலக்கப் பின் எண்ணை ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் கண்டுபிடிக்கலாம் என நிறுவினர். ஏற்கெனவே இணைந்த கருவிகளை மீண்டும் இணையத் தூண்டும் உத்தியையும் அவர்கள் காட்டினர். நான்கு இலக்கப் பின் எண்ணுக்கு இருந்த மதிப்பு அத்துடன் போயிற்று.

2007-இல் வந்த புளூடூத் 2.1 பதிப்பு இணைக்கும் முறையையே மாற்றியது.

2017-இல் ஆர்மிஸ் நிறுவனம் ‘புளூபோர்ன்’ என்ற பெயரில் எட்டுக் குறைகளை வெளியிட்டது. 500 கோடிக்கும் மேற்பட்ட கருவிகள் ஆபத்தில் இருந்தன என்பது அந்நிறுவனத்தின் கணிப்பு. 2019-இன் ‘நாப்’ தாக்குதல், குறியாக்கத் திறவுகோலை ஒரே பைட்டாகச் சுருக்கியது. 256 வாய்ப்புகளைச் சோதித்தால் போதும். தவறு எந்த நிறுவனத்தின் கருவியிலும் அல்ல, வரையறையிலேயே இருந்தது. ‘பயஸ்’ தாக்குதல் 2020-இலும் ‘புளஃப்ஸ்’ தாக்குதல் 2023-இலும் வெளிவந்தன. திரையோ பொத்தானோ இல்லாத பல கருவிகள் எண் சரிபார்க்காமலேதான் இன்றும் இணைகின்றன.