சட்டப் போட்டி (ஜவ்வாது மலை வட்டாரம்)

தொழில்களைத் தம் எல்லைக்குள் இழுக்க அரசுகள் வரி, நிலம், வேலைநேரம், சுற்றுச்சூழல் பற்றிய சட்டங்களை ஒன்றையொன்று பார்த்துத் தளர்த்துவதே சட்டப் போட்டி. அமெரிக்காவில் இது பழைய கதை. 1913இல் நியூ ஜெர்சி தன் கம்பெனிச் சட்டத்தை இறுக்கியதும் கம்பெனிகள் டெலவேருக்குப் போய்ப் பதிந்துகொண்டன. இந்தியாவில் 1991இல் தொழில் உரிம முறை பெரும்பாலும் விலக்கப்பட்ட பிறகே மாநிலங்கள் முழுமூச்சாகக் களமிறங்கின. 2017இல் ஜிஎஸ்டி வந்து விற்பனை வரியைக் குறைக்கும் வழி அடைபட்டது. மானியத்துக்கு அடுத்தபடியாக மாநிலங்களின் கையில் மிஞ்சியவை நிலச் சட்டமும் தொழிலாளர் சட்டமும்தான்.

ஜவ்வாது மலையின் மேலே, ஜமுனாமரத்தூர்ப் பக்கம், சாமையும் புளியும் தேனும்தான். போட்டி நடப்பது அடிவாரத்தில். வடக்கே பாலாற்றங்கரையில் ஆம்பூர், வாணியம்பாடி தோல் பதனிடும் ஊர்கள். 1970களில் மேலை நாடுகள் கழிவுநீர் விதிகளை இறுக்க, இந்தியா கச்சாத் தோல் ஏற்றுமதியைத் தடுத்து, பதனிட்ட தோலை ஊக்குவித்தது. டாலர் வந்தது, கிணறுகள் கெட்டன. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்து, தோல் ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது.

இம்மலையில் பிறக்கும் செய்யாறு கீழே தன் பெயர் கொண்ட ஊரைத் தொடுகிறது. அவ்வூர்ப் பகுதியில் மாநில அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான சிப்காட்டின் வளாகம் இருக்கிறது; தைவானின் ஃபெங் டே குழுமம் அங்கே காலணி செய்கிறது. பெண்களுக்கு ஏராளமான வேலை கிடைத்தது இதன் நல்ல பக்கம். அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆனால் ஆலைக்கு முதலில் நிலம் வேண்டும். தமிழ்நாட்டுக்கு அதற்கென்றே 1997ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. 2014 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த மத்திய நில எடுப்புச் சட்டமோ, தனியார் நிறுவனத்துக்கு நிலம் எடுக்க 80 சதவீத உடைமையாளர்களின் சம்மதம் வேண்டும், சமூகத் தாக்க ஆய்வு வேண்டும் என்றது. உடனே தமிழ்நாடு அந்த மத்தியச் சட்டத்தில் 105அ என்ற பிரிவைச் சேர்த்து, தன் சட்டத்தை அந்த நிபந்தனைகளிலிருந்து விலக்கிக்கொண்டது. இழப்பீடு, மறுவாழ்வு விதிகள் மட்டும் பொருந்தும் என்றது. 2019இல் சென்னை உயர் நீதிமன்றம் இதைச் செல்லாதென்றது. அதே ஆண்டு சட்டமன்றம் தன் பழைய சட்டத்துக்கு உயிரூட்ட மீட்புச் சட்டம் கொண்டுவந்தது; 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. உழவரின் சம்மதம் என்ற ஒற்றைச் சொல்லைச் சுற்றியே இத்தனையும் நடந்தன. பணம் கிடைக்கும், வேண்டாம் என்று சொல்லும் உரிமை கிடைக்காது. 2023இல் செய்யாறு சிப்காட் விரிவாக்கத்துக்காக மேல்மா உள்ளிட்ட ஊர்களில் 3,000 ஏக்கருக்கு மேல் எடுக்க முற்பட்டபோது விவசாயிகள் மாதக்கணக்கில் போராடினர். அவர்களில் எழுவர்மீது நவம்பரில், விசாரணையின்றிச் சிறைவைக்க வழிசெய்யும் குண்டர் சட்டம் பாய்ந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் முதலில் அறுவர்மீதான ஆணை விலக்கப்பட்டது.

வேலைநேரத்திலும் இதே இழுபறிதான். 2023 பிப்ரவரியில் கர்நாடகம் 12 மணி நேர ஷிப்டுக்கு வழிவிட்டது. ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு தொழிற்சாலைகள் சட்டத்தில் 65அ பிரிவைச் சேர்க்கும் மசோதாவை நிறைவேற்றியது. பிரிவைப் படித்தால்தான் அதன் வீச்சு புரியும்: வாரத்துக்கு 48 மணி நேரம், வார விடுமுறை, ஒரு நாளுக்கு 9 மணி நேரம், இடைவேளை, மிகைநேரக் கூலி ஆகிய அத்தனை விதிகளிலிருந்தும் எந்த ஆலைக்கும் அரசு அறிவிக்கையால் விலக்களிக்கலாம். ஆளுங்கட்சியின் கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. மே 1 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்.

2025இல் குஜராத் அவசரச் சட்டத்தின் மூலம் 12 மணி நேர வேலைக்கு இடமளித்தது. தமிழ்நாட்டின் வடக்கெல்லையில் ஆந்திரம், நாள் வேலை வரம்பை 9 மணியிலிருந்து 10 மணியாக்க அதே ஆண்டு முடிவெடுத்தது.