ஒரு பொறுக்கி எழுதிய வரலாறு

எங்க வீட்டு மணி தெருவுல கிடைச்ச குட்டி. ஐயாவுக்குப் பழைய சாக்ஸ்னா உயிர். 'நாய்க்குப் போய் காசு குடுத்து பொம்மை வாங்குறதா, நான் எஞ்சினியர்டா'ங்கிற கெத்துல, கிழிஞ்ச சாக்ஸுக்குள்ள இன்னொரு கிழிஞ்ச சாக்ஸைத் திணிச்சு, முடிச்சு போட்டு, பந்து பண்ணிக் குடுத்தேன். பயபுள்ள ரெண்டே வாரத்துல அதைப் பிரிச்சு ஒரு துண்டை முழுங்கிட்டான். விடாம வாந்தி. குடலை அடைச்சிருந்ததை ஆபரேஷன் பண்ணித்தான் எடுத்தாங்க.

அன்னிக்கு ராத்திரி ஆஸ்பத்திரி பெஞ்சுல உக்காந்திருந்தப்போ மண்டைக்குள்ள ஒரே கேள்வி. வேண்டாத சாமானை நாய்க்குக் குடுத்தவன் உலகத்துல நான் மட்டும்தானா? மத்தவங்களுக்கு மட்டும் எப்படிச் சரியா வந்துச்சு? தோண்டினதுல ரெண்டு பேர் சிக்கினாங்க.

முதல் ஆள் ஜேம்ஸ் ஸ்ப்ராட். இடிதாங்கி விற்க அமெரிக்காவிலிருந்து இங்கிலாந்துக்குப் போனவர். அங்கே துறைமுகத்தில், கப்பல்காரர்கள் வீசி எறிந்த காய்ஞ்ச பிஸ்கட்டுக்கு நாய்கள் அடிச்சுக்கிட்டதைப் பார்த்தார் என்று சொல்வாங்க. இடிதாங்கி ஓரமாய்ப் போனது. கோதுமை, காய்கறி, பீட்ரூட், இறைச்சி எல்லாம் சேர்த்து 1860களில் நாய்க்கென்றே பிஸ்கட் போட்டு விற்க ஆரம்பித்தார்.

ரெண்டாவது ஆள்தான் நம்ம மேட்டருக்கு வேண்டியவர். ஜோ மார்க்கம், அமெரிக்காவில் கொலராடோக்காரர். 1970களில் அவர் வளர்த்த ஜெர்மன் ஷெப்பர்ட் பேரு ஃப்ரிட்ஸ், போலீஸ்ல வேலை பார்த்து ஓய்வு பெற்ற நாய். அதுக்கு ஒரு கெட்ட பழக்கம், கல்லைக் கடிக்கும். பல்லெல்லாம் தேய்ஞ்சு போச்சு. மார்க்கம் என்னென்னவோ குடுத்துப் பார்த்தார், ஒண்ணும் எடுபடல. ஒருநாள் தன்னோட பழைய ஃபோக்ஸ்வேகன் வேனைப் பிரிச்சு வேலை பார்த்துக்கிட்டே, கழட்டின பாகங்களைப் பக்கத்துல வீசினார். சஸ்பென்ஷன்ல இருந்து வந்த ஒரு ரப்பர் துண்டை ஃப்ரிட்ஸ் கவ்விக்கிச்சு. அப்புறம் கல்லை ஏறெடுத்தும் பார்க்கல.

இன்னிக்கு உலகம் பூரா விக்கிற 'காங்' பொம்மையோட பூர்வீகம் இதுதான். அடுக்கி வச்ச மூணு உருண்டை மாதிரி இருக்கும், தரையில விழுந்தா எந்தப் பக்கம் துள்ளும்னே தெரியாது. கிங்காங் காதுல வச்சுக்கிற அடைப்பான் மாதிரி இருக்குன்னு கூட இருந்தவர் அடிச்ச ஜோக்குதான் பேராச்சாம். கம்பெனி ஆரம்பிச்ச வருஷம் 1976.

ஆக, ரெண்டு கதையிலயும் கண்டுபிடிச்சது நாய்தான். மனுஷன் தூக்கிப் போட்டதைப் பொறுக்கினதும் அதுதான். ஆனா மார்க்கம் வேன் பாகத்தை அப்படியே பெட்டியில போட்டு விக்கல. ரப்பர் பிய்ஞ்சு வயித்துக்குள்ள போகக் கூடாது, பல்லையும் கெடுக்கக் கூடாது. அதுக்காக எத்தனையோ கலவைகளைச் சோதிச்சுப் பார்த்தார். எங்க பொட்டிதட்டி பாஷையில சொன்னா, ரிக்வயர்மென்ட் குடுத்தது நாய், டெஸ்டிங் மனுஷனோட வேலை. நான் டெஸ்டிங்கே பண்ணாம நேரா ப்ரொடக்‌ஷனுக்கு அனுப்பிட்டேன். மணி சாக்ஸைத் தேர்ந்தெடுத்தான்னா, அவனுக்கு அது பிடிச்சிருக்குன்னு மட்டும்தான் அர்த்தம். அவனுக்கு ஆகுமாங்கிறதை நான்தான் பார்த்திருக்கணும்.

இப்பவும் பொம்மை வீட்டுலதான் தயாராகுது. பழைய ஜீன்ஸ் காலை மூணாக் கிழிச்சு, ஜடை மாதிரி இறுக்கிப் பின்னி, ரெண்டு முனையிலயும் முடிச்சு. ஒரு பக்கம் அவன் இழுப்பான், மறுபக்கம் நான். ஆட்டம் முடிஞ்சதும் பொம்மை பீரோவுக்குள்ள போயிடும். நூல் பிரிய ஆரம்பிச்சா குப்பைக்கு. நீளமான நூல் வயித்துக்குள்ள போனா குடலையே சுருக்கி இழுத்து அறுத்துடும்னு டாக்டர் சொன்னது இன்னும் காதுல இருக்கு.

மணி வயித்துல தழும்பு இருக்கு. அந்த இடத்துல இன்னும் முடி சரியா வளரல. ஆனா நான் ஆபீஸ் விட்டு வந்து ஷூவைக் கழட்டினா, சாரோட பார்வை நேரா எங்க போகுதுன்னு நினைக்கிறீங்க?

டிஸ்கி: சாக்ஸ் இப்ப பூட்டுல இருக்கு :)