நாகமும் நச்சுமுறியும்

புளியந்தீவிலிருந்து மலர் சுமந்து நீந்திவந்த நாகத்தைக் கருடன் கடலில் மறித்தது என்பது நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலின் ஐதிகம். ஆயினும் வேலியோரத்தில் நாகமென்றும் நஞ்சற்ற சாரையென்றும் பாராது பொல்லெடுப்பவர்களும் நாமே. வழிபாடு நமக்குப் பாம்பை அறிவிக்கவில்லை.

அவ்வறிவைத் தேடின் கடலுக்கு அப்பால், செங்கற்பட்டு இருளரிடம் செல்லவேண்டும். தோலுக்காகப் பாம்பு பிடித்துப் பிழைத்த ஏழைமக்கள் அவர்கள். 1972 ஆம் ஆண்டின் இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் தொடர்ந்து வந்த தோல் ஏற்றுமதித் தடையும் அத்தொழிலை நிறுத்தின. பாம்பைக் காத்த சட்டம் அவர்கள் பசிக்கு வழி சொல்லவில்லை! 1978 இல் ரோமுலஸ் விட்டேக்கரின் துணையோடு அவர்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். நாகம், கட்டுவிரியன், சுருட்டை, நாம் புடையன் என்னும் கண்ணாடி விரியன் ஆகிய நான்கையும் மட்பானைகளில் சில வாரம் பேணி, நஞ்செடுத்து, மீண்டும் காட்டில் விடுகின்றனர். குதிரைக்கு அந்நஞ்சைச் சிறிது சிறிதாக ஏற்றி, அதன் குருதியிலிருந்து நச்சுமுறி மருந்து பெறப்படுகிறது.

வெறுங்காலோடு வயலில் நின்று கடியுண்ட கமக்காரனுக்கு இலங்கை வைத்தியசாலைகளில் ஏற்றப்பட்டு வருவதும் இந்தியாவில் செய்த மருந்தே. நெடுந்தீவிலிருந்து யாழ்ப்பாண வைத்தியசாலைக்குச் செல்வோர், அதற்காக முதலில் படகேறிக் குறிகட்டுவான் துறையை அடையவேண்டும்.